ஏவுகணைக் குழுவினரின் நினைவுகளையும் கருவிகளையும் காப்பாற்றி வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குத் தெற்கே, பனிப்போர்க் கால அணு ஏவுகணையான டைட்டன் 2 ஒன்று இன்னமும் அதன் குழிக்குள்ளேயே நிற்கிறது. உயரம் 31 மீட்டர். அரிசோனா, கன்சாஸ், ஆர்கன்சா ஆகிய மூன்று மாநிலங்களிலும் தலா 18 வீதம் மொத்தம் 54 இடங்களில் இந்த ரகம் காவல் இருந்தது. 1987-க்குள் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டார்கள், 53 தளங்களை இடித்துத் தள்ளினார்கள், மிஞ்சிய ஒன்றுதான் 1986-இல் அருங்காட்சியகமானது. ஏவுகணை தப்பித்துவிட்டது, சரி. அதைக் கவனித்துக்கொண்ட ஆட்களின் கதை? 1963-இல் 22 வயதில் அந்தக் குழிக்குள் இறங்கிய ஒருவருக்கு இப்போது 80 தாண்டிவிட்டது.

இந்தத் துறையில் ஆர்வத்தோடு இறங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் இரும்பைத் தேடி ஓடுவார்கள், கன்சோல், சாவி, டயல், ஏதாவது ஒரு பலகை. அப்புறம் காகிதம். கடைசியில் ஆட்கள் ஞாபகத்துக்கு வரும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது. நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் மனிதர், அடுத்து காகிதம், அதற்கப்புறம் பொருள், கடைசியில் இடம். இரும்பு இன்னும் 20 வருடம் காத்திருக்கும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் அமெரிக்க விமானப்படையின் தரைசார் ஏவுகணைகளைப் பற்றியது. அங்கேதான் திறந்த ஆவணங்களும், உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய தளங்களும் அதிகம். மற்ற நாடுகளைப் பற்றி நடுவில் கொஞ்சம் சொல்கிறேன்.

படி 1: எல்லையைச் சின்னதாகப் போடுங்கள், ஆனால் ஆட்களின் வட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள்

"பனிப்போர் ஏவுகணைகள்" என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். ஒரு ஸ்குவாட்ரன், அதாவது ஒரு படைப்பிரிவு, இல்லாவிட்டால் ஒரே ஒரு தளம், இல்லாவிட்டால் ஒரு வேலை. உதாரணத்துக்கு தெற்கு டகோட்டாவின் எல்ஸ்வொர்த் தளத்தை எடுத்துக்கொண்டால், அதன் கீழ் மினிட்மேன் என்ற இன்னொரு ரக அணு ஏவுகணைக்கான 150 ஏவுகுழிகளும் 15 கட்டுப்பாட்டு மையங்களும் இருந்தன. ஒரு மையத்துக்குப் பத்து ஏவுகணை. நிலத்தடி அறையில் இரண்டு அதிகாரிகள், 24 மணி நேரக் காவல். அந்த 15 மையங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் வேலை பார்த்தவர்களை முழுமையாகத் தேடுவது ஒரு மனிதர் பல வருடம் செய்யக்கூடிய வேலை.

அந்த "வேலை பார்த்தவர்கள்" யார் என்பதில்தான் ஆரம்பத்திலேயே கோணல் வந்துவிடுகிறது. ஏவுகணையை ஏவும் சாவியைத் திருப்பும் இரண்டு அதிகாரிகளைத்தான் எல்லோரும் படம் பிடிப்பார்கள். ஆனால் மினிட்மேன் கட்டுப்பாட்டு மையத்தில் மேலே, தரைமட்டத்தில், ஒரு சமையல்காரர் இருப்பார், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் ஒருவர், பாதுகாப்புக் காவலர்கள் சிலர். ஏவுகுழிகளுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகும் பராமரிப்புக் குழுவினர் தனி. டைட்டன் 2-இல் நிலத்தடியில் நான்கு பேர், அதில் இரண்டு பேர்தான் அதிகாரிகள், மற்ற இருவரும் தொழில்நுட்பப் பணியாளர்கள். எரிபொருள் நிரப்புவதற்கும் இறக்குவதற்கும் வேறு ஒரு குழு.

இன்னும் வெளியே போங்கள். 1965 ஆகஸ்ட் 9 அன்று ஆர்கன்சாவில் சியர்சி ஊருக்கு அருகே ஒரு டைட்டன் 2 குழிக்குள் தீ பிடித்து 53 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தளத்தை மேம்படுத்த வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். எந்த ஸ்குவாட்ரன் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. உங்கள் சேகரிப்பில் "படையினர்" மட்டும் என்று கோடு போட்டால் அந்த 53 குடும்பங்களும் கோட்டுக்கு வெளியே போய்விடும். அதே மாதிரி, தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு துண்டை ஏவுகுழிக்குக் கொடுத்துவிட்டு முப்பது வருடம் அதைச் சுற்றி உழுத விவசாயிகள், வேலிக்கு வெளியே நின்று எதிர்த்துப் போராடியவர்கள், இவர்களும் அந்தத் தளத்தின் வரலாற்றுக்குள்தான் வருகிறார்கள்.

படி 2: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள் ஏராளம். நான்கு இடங்களைப் பார்த்தாலே போதும்.

முதலாவது, அமெரிக்க வரலாற்றுப் பொறியியல் பதிவேடு. தளங்களை மூடும் முன் அளவெடுத்து வரைந்த படங்கள், பெரிய நெகட்டிவில் எடுத்த புகைப்படங்கள், எழுத்து அறிக்கை எல்லாம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகத்தில் இணையத்திலேயே கிடைக்கும். தரம் அருமை, பெரும்பாலானவற்றைத் தயங்காமல் எடுத்தாளலாம்.

இரண்டாவது, அதே நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டம். 2000-இல் காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கியது. உங்கள் ஆள் ஏற்கெனவே அங்கே பேட்டி கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது, அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்திலிருக்கும் விமானப்படை வரலாற்று ஆய்வகம். ஒவ்வொரு படைப்பிரிவும் காலந்தோறும் எழுதி அனுப்பிய அதிகாரப்பூர்வ வரலாறுகள் அங்கே இருக்கின்றன. சில பகுதிகள் இன்னும் ரகசியம். கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், பொறுமை வேண்டும்.

நான்காவது, விமானப்படை ஏவுகணையாளர் சங்கம். 1993-இல் முன்னாள் படையினர் தாங்களே தொடங்கியது. அருங்காட்சியகங்களுக்குப் பண உதவி, செய்திமடல், உறுப்பினர் தொடர்பு என்று நடத்துகிறார்கள். ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இங்கிருந்து தொடங்குவதுதான் குறுக்குவழி.

படி 3: பேட்டி

அதிக நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மற்ற படிகளை யாராவது பத்து வருடம் கழித்தும் செய்யலாம்.

"பயமாக இருந்ததா?" "சாவியைத் திருப்பியிருப்பீர்களா?" என்ற இரண்டு கேள்விகளோடு போகாதீர்கள். ஒவ்வொரு ஏவுகணையாளரும் அவற்றுக்கு நூறு தடவை பதில் சொல்லியிருப்பார், பதில் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு காவல் நாள் முழுக்க நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் தளத்தில் நடக்கும் கூட்டம், வண்டி எடுப்பது, எத்தனை மணி நேரப் பயணம், வாசலில் எப்படி அடையாளம் சொன்னீர்கள், லிஃப்ட் எப்படி இருந்தது, எட்டு டன் கதவை யார் திறந்தார், முந்தைய குழு எதைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போனது, இரண்டு பேரில் யார் முதலில் தூங்கினார், சாப்பாடு மேலேயிருந்து எப்படி வந்தது. அந்த அறைக்குள் என்ன வாடை? எந்த இயந்திரத்தின் சத்தம் நின்றால் தூக்கத்திலிருந்து எழுவீர்கள்? இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் ஆள் நாற்காலியில் முன்னால் வந்து உட்காருவார்.

மினிட்மேன் ஆட்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவசர வழி என்று ஒரு குழாய் உண்டு, அது முழுக்க மணல் நிரப்பியது, தேவைப்பட்டால் மணலை உள்ளே கொட்டவிட்டு மேலே ஏறிப்போக வேண்டும். அது வேலை செய்யும் என்று நம்பினீர்களா என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு நக்கலோடு பதில் சொல்வார்கள். டகோட்டாவின் பனிப்புயலில் அடுத்த குழு வர முடியாமல் மாட்டிக்கொண்ட நாட்கள். அப்புறம் படிப்பு: மினிட்மேன் குழுவினருக்கென்றே விமானப்படை முதுகலைப் படிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது, நிலத்தடியில் காவல் இருந்துகொண்டே பாடப் புத்தகம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிறைய. அணு ஆயுதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நிர்வாகவியல் தேர்வுக்குத் தயாராவது எப்படி இருந்தது என்பது எந்த அரசாங்க அறிக்கையிலும் இருக்காது.

பெண் குழுவினரைத் தனியாகத் தேடுங்கள். டைட்டன் 2-இல் 1978 முதல் பெண்கள் காவல் இருந்தார்கள், மினிட்மேனில் 1980-களின் பிற்பாதியில்தான். முதல் சில வருடங்களில் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் 24 மணி நேரம் இருப்பதைப் பற்றி மேலதிகாரிகளும் வீட்டிலிருந்தவர்களும் என்ன பேசினார்கள் என்பதை இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

பராமரிப்புக் குழுவினரிடம் அவர்களுடைய கைவேலை பற்றிக் கேளுங்கள். எந்தக் கருவி, எந்தக் கையுறை, எது கழன்று விழும், எதை எல்லோரும் விதிக்கு மாறாகச் செய்தார்கள். 1980 செப்டம்பர் 18 மாலை ஆர்கன்சாவின் டமாஸ்கஸ் அருகே டைட்டன் 2 குழிக்குள் ஒரு பராமரிப்புப் பணியாளரின் கையிலிருந்து திருகுக்குறட்டின் சாக்கெட் நழுவி, 20 மீட்டருக்கும் கீழே விழுந்து, தெறித்து, எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. மறுநாள் விடியும் முன் குழி வெடித்து ஒருவர் இறந்தார். ஏவுகணையின் தலையில் இருந்தது 9 மெகா டன் குண்டு, அது தூக்கி வீசப்பட்டும் வெடிக்கவில்லை. அந்தச் சம்பவத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆனால் அன்று அதே ரகக் குழிகளில் வேறு இடங்களில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கான பணியாளர்கள் மறுநாள் காலை என்ன பேசிக்கொண்டார்கள், எந்த வேலைமுறையை மாற்றினார்கள் என்பது அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது.

உடம்பைப் பற்றியும் கேளுங்கள், ஆனால் மெதுவாக. மொன்டானாவின் மால்ம்ஸ்ட்ராம் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புற்றுநோய் வந்ததைப் பற்றி 2023-இல் கேள்வி எழுந்து, விமானப்படை ஆய்வைத் தொடங்கியது. அந்த ஆண்டே அங்கே சில கட்டுப்பாட்டு மையங்களில் பிசிபி என்ற பழைய மின்காப்பு ரசாயனம் வரம்பைத் தாண்டி இருப்பதாகக் கண்டறிந்தார்கள். எந்த அறையில், எந்த வருடங்களில், என்ன கசிந்தது, எதை எரித்தார்கள் என்ற நினைவு வரலாற்று ஆசிரியருக்கு மட்டுமில்லை, மருத்துவருக்கும் பயன்படும். ஆனால் நோயின் காரணத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்தால் போதும்.

கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்வது நல்ல உத்தி. படி 2-இல் சொன்ன பதிவேட்டிலிருந்து அவருடைய தளத்தின் கன்சோல் படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் வையுங்கள். விரல் தானாகப் பொத்தானுக்குப் போகும், வாய் அதைத் தொடரும். முடிந்தால் கேமராவை முகத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று இரண்டாக வையுங்கள்.

தொழில்நுட்பம் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஒலி நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டையில் குத்தும் மைக், சுருக்காத வேவ் கோப்பு, குளிர்சாதனப் பெட்டி ஓடாத அறை. படைவீரர் வரலாற்றுத் திட்டத்துக்கு அனுப்புவதாக இருந்தால் பேட்டி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும், அவர்களுடைய படிவங்களில் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்தைப் பேட்டி அன்றே வாங்கிவிடுங்கள், அப்புறம் என்று தள்ளினால் கிடைக்காமலே போகலாம்.

படி 4: ரகசியம் என்ற வேலி

இதைப் படிக்காமல் படி 3-க்குப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், பரவாயில்லை.

ஏவுகணையாளர்கள் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர்கள், ஓய்வு பெற்றாலும் அது அவர்களைக் கட்டும். தாக்கும் இலக்குகள் எங்கே, குறியீட்டு எண்கள் எப்படி, ஏவு ஆணையை எப்படிச் சரிபார்ப்பார்கள் என்ற மூன்று பக்கமும் போகவே வேண்டாம். அருங்காட்சியகங்களிலேயே காட்டும் விஷயங்கள் போதும்: சிவப்புப் பெட்டகம், அதில் ஆளுக்கொன்றாக இரண்டு பூட்டு, ஒரே ஆள் இரண்டையும் எட்ட முடியாத தூரத்தில் இரண்டு சாவித் துளைகள். அவர் நடுவில் நிறுத்தி "இதைச் சொல்லலாமா தெரியவில்லை" என்றால், "அப்படியானால் விட்டுவிடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் மேல் வரும் நம்பிக்கையை ஒரேயடியாகக் கூட்டும்.

பரணில் ஒரு கோப்பு கிடைக்கிறது, மேலே "ரகசியம்" என்று முத்திரை, அதை ரத்து செய்த அடையாளம் எதுவும் இல்லை. ஸ்கேன் செய்யாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். மூடி வைத்துவிட்டு அருகிலிருக்கும் விமானப்படைத் தளத்தின் பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிடச் சொல்லி குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். ஐம்பது வருடப் பழசு என்பதால் ரகசியம் தானாகக் கலைந்துவிடாது.

படி 5: காகிதமும் படமும்

ஒரு ஏவுகணையாளரின் பெட்டியில் பொதுவாக என்ன இருக்கும்? பதவி உயர்வு ஆணைகள், பயிற்சிச் சான்றிதழ்கள், குழுப் படங்கள், ஸ்குவாட்ரன் பேட்ச்கள், 1958-இல் வந்த ஏவுகணை பேட்ஜ், அதைச் செல்லமாக "பாக்கெட் ராக்கெட்" என்பார்கள், விருந்து அழைப்பிதழ்கள், தளத்தின் உள்ளூர்ச் செய்தித்தாள், கார்ட்டூன்கள். அந்தக் கார்ட்டூன்களைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கு டகோட்டாவின் டெல்டா-01 மையத்தில் நிலத்தடிக் கதவின் மேல் டோமினோஸ் பீட்சா பெட்டி போலவே ஒரு ஏவுகணைப் பெட்டியை வரைந்து, "உலகமெங்கும் 30 நிமிடத்துக்குள் டெலிவரி, இல்லாவிட்டால் அடுத்தது இலவசம்" என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குழுக்கள் தங்கள் வேலையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கையாளும் முறை சுருக்கமாக:

- ரப்பர் பேண்ட், கிளிப், பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். லேமினேட் செய்யவே கூடாது.
- படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் மட்டும், ஓரத்தில். யார், எந்த இடம், எந்த வருடம், யார் சொல்லி எழுதியது.
- அமிலமில்லாத உறை, அமிலமில்லாத பெட்டி. பரணும் வேண்டாம், நிலத்தடி அறையும் வேண்டாம். மனிதருக்கு வசதியாக இருக்கும் வெப்பம், 35 முதல் 50 சதவீத ஈரப்பதம்.
- படங்கள் 600 டிபிஐ, ஸ்லைடுகள் 4000 டிபிஐ அளவில், டிஃப் கோப்பாக. எழுத்து இருந்தால் பின்பக்கமும்.
- பழைய பிலிமில் வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

செக்லிஸ்ட் பைண்டர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. குழுவினர் பிளாஸ்டிக் உறை போட்ட பக்கங்களின் மேல் மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கிறுக்கல்களை "சுத்தம்" செய்துவிடாதீர்கள், அச்சடித்த பக்கம் ஆயிரம் பிரதி இருக்கும், கிறுக்கல் ஒன்றுதான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் எழுத்தைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் பக்கத்தை உறையோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டு, பிரிப்பதைக் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுங்கள்.

படி 6: பணிப் பதிவேட்டைத் தேடுவது

செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் படையாளர் பதிவு மையத்துக்கு ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 180 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணியிலிருந்து விலகி 62 வருடம் ஆகியிருந்தால் பதிவேடு பொதுமக்களுக்குத் திறந்தது, இல்லாவிட்டால் அவரோ நெருங்கிய குடும்பத்தாரோதான் முழுதாகக் கேட்க முடியும்.

ஒரு சிக்கல். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பெரிய தீ. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை போயின. விமானப்படையில் 1947 செப்டம்பர் முதல் 1964 தொடக்கம் வரை பணி முடித்தவர்களில், ஆங்கில அகரவரிசையில் ஹப்பார்ட் என்ற பெயருக்குப் பின் வருகிறவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம் எரிந்துவிட்டன. மேட்டடார், ஸ்னார்க், தோர், அட்லஸ் என்று முதல் தலைமுறை ஏவுகணைகளில் இருந்துவிட்டுச் சீக்கிரம் விலகியவர்கள் சரியாக இந்த ஓட்டைக்குள் விழுகிறார்கள். அதனால்தான் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒரு கார்பன் நகல் ஆணைக்கு இவ்வளவு மதிப்பு. சில நேரம் அந்த மனிதர் அந்தத் தளத்தில் இருந்தார் என்பதற்கு அதுவே ஒரே அத்தாட்சி.

படி 7: பொருள்

இப்போதுதான் இரும்புக்கு வருகிறோம். முதல் கேள்வி, இது யாருடையது? ஏவுகணையும் அதன் முக்கியப் பாகங்களும் அருங்காட்சியகத்தில் நின்றாலும் பெரும்பாலும் விமானப்படைக்கே சொந்தம். ஓஹியோவின் டேட்டனில் உள்ள தேசிய விமானப்படை அருங்காட்சியகம் கடனாகக் கொடுத்து வைத்திருக்கும். தனி ஆள் வாங்கி விற்கும் பாகங்களுக்கும் ஆயுத ஏற்றுமதிச் சட்டம் பொருந்தலாம். இணையத்தில் வாங்கி நாட்டை விட்டு வெளியே அனுப்புவது சாதாரணக் குற்றமில்லை, ஜாக்கிரதை.

எல்லாம் இப்படி இல்லை. மினிட்மேன் 1 விலக்கப்பட்டபோது அதன் வழிகாட்டிக் கணினியான டி-17பி உபரியாகப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது, மாணவர்கள் அதை ஆய்வகக் கணினியாக மாற்றிப் பயன்படுத்தினார்கள். அதனால் ஏதாவது பழைய பொறியியல் துறையின் மூலையில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது கேள்வி, இது ஆளைக் கொல்லுமா? விளையாட்டாகச் சொல்லவில்லை. டைட்டன் 2-இன் எரிபொருளும், அதை எரியவைக்கும் ஆக்சிகாரி என்ற ரசாயனமும் கொடிய நஞ்சு, அவற்றைக் கையாண்டவர்கள் தலை முதல் கால் வரை மூடும் "ரெஃப்கோ" உடை போட்டார்கள். மினிட்மேன் வழிகாட்டி அமைப்பைக் குளிர்விக்க சோடியம் குரோமேட் கரைசல் ஓடியது, மஞ்சள் நிறம், புற்றுநோய் உண்டாக்கும். பழைய கெப்பாசிட்டர்களில் பிசிபி இருக்கலாம். இருட்டில் ஒளிரும் பழைய டயல்களில் ரேடியம். பொமார்க் ஏவுகணையில் தோரியம் கலந்த மெக்னீசியம் உலோகக் கலவையைப் பயன்படுத்தினார்கள். சுவரில் ஆஸ்பெஸ்டாஸ். திறக்காதீர்கள், தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள், மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். தொழில்முறைச் சோதனைக்கு அப்புறம் மற்றதெல்லாம்.

மூன்றாவது, புதிதாக்காதீர்கள். பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கிய கன்சோல் படத்துக்கு அழகு, வரலாற்றுக்குக் கெடுதல். நாற்காலியின் கைப்பிடியில் தேய்ந்த இடம், பொத்தானுக்குப் பக்கத்தில் யாரோ ஒட்டிய துண்டு டேப், பழைய ஸ்டென்சில் எழுத்து, இவையெல்லாம் ஆட்கள் விட்டுப்போன தடயம். மெல்லிய தூரிகை, வலை கட்டிய வாக்குவம், அவ்வளவு போதும். ரப்பர் உடைகளும் முகமூடிகளும் காலப்போக்கில் பிசுபிசுத்து மற்றவற்றையும் கெடுக்கும், தனியாக, மடிக்காமல், உள்ளே அமிலமில்லாத காகிதம் திணித்து வையுங்கள். சீருடையை அட்டைப் பெட்டியில் மெத்தென்று படுக்க வையுங்கள், கம்பி ஹேங்கர் வேண்டாம்.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு பேட்டித் துண்டு இணைந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தொட்டு வேலை பார்த்த ஒருவர், இது என்ன செய்யும், எப்போது தொல்லை கொடுக்கும் என்று ஐந்து நிமிடம் சொல்லும் பதிவு. அப்படி ஆள் கிடைக்காத பொருளை வாங்க அவசரப்படாதீர்கள்.

படி 8: இடம்

தளத்தையே காப்பாற்றுவது தனி ஆள் வேலை இல்லை, அரசாங்கம் வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும். டூசான் குழியின் மூடி 760 டன். ஏவ முடியாது என்று சோவியத் செயற்கைக்கோள்கள் மேலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி அதைப் பாதி திறந்த நிலையில் முடக்கி வைத்தார்கள். டெல்டா-01 மையமும் டெல்டா-09 ஏவுகுழியும் அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதங்களைக் குறைக்கப் போட்ட 1991 ஸ்டார்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்த இடிப்பிலிருந்து தப்பி, 1999-இல் சட்டப்படி தேசிய வரலாற்றுத் தளமாயின. குழியின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், எட்டிப் பார்க்கலாம். வட டகோட்டாவில் ஆஸ்கர்-ஸீரோ, வயோமிங்கில் பீஸ்கீப்பர் ஏவுகணையின் க்யூபெக்-01 ஆகியவற்றை மாநில அரசுகள் எடுத்து நடத்துகின்றன. சான் பிரான்சிஸ்கோ அருகே எஸ்எஃப்-88 என்ற, நைக்கி விமான எதிர்ப்பு ஏவுகணைத் தளத்தில் ஏவுகணையைத் தூக்கும் லிஃப்ட் இன்றும் ஓடுகிறது. அதை ஓட வைப்பவர்களில் நைக்கியில் வேலை பார்த்த முன்னாள் படையினரும் உண்டு. பார்க்கும்போது புரியும், அங்கே காப்பாற்றப்படுவது இயந்திரத்தைவிட அதை ஓட்டும் கைப்பழக்கம்தான்.

அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால், இங்கிலாந்தின் ஹாரிங்டனிலும் நார்த் லஃப்பன்ஹாமிலும் தோர் ஏவுதளங்கள் பாதுகாக்கப்பட்ட கட்டுமானப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே 1959 முதல் 1963 வரை பிரிட்டிஷ் குழுவும் அமெரிக்க அதிகாரியும் ஆளுக்கொரு சாவியோடு இருந்தார்கள். லித்துவேனியாவின் பிளோக்ஷ்டினேயில் சோவியத் ஆர்-12 ஏவுகணைத் தளம் 2012 முதல் பனிப்போர் அருங்காட்சியகம். உக்ரைனின் பெர்வோமைஸ்க் அருகே 2001-இல் திறந்த ஏவுகணைப் படை அருங்காட்சியகத்தில், அங்கேயே காவல் இருந்த முன்னாள் அதிகாரிகள் வழிகாட்டிகளாக நின்றார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான முறை.

நீங்கள் செய்யக்கூடியது பதிவு. கைவிடப்பட்ட தளங்கள் பல தனியார் நிலத்தில் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் வேலி தாண்டக் கூடாது. அட்லஸ் குழிகள் நிறைய நீர் நிரம்பிக் கிடக்கின்றன, உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். இறங்காதீர்கள். மேலிருந்து படம், வழித்தடம், பக்கத்து வீட்டாரின் நினைவு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. இன்று பணியிலிருக்கும் 400 மினிட்மேன் 3 ஏவுகணைகளுக்குப் பதிலாக சென்டினல் என்ற புதிய ஏவுகணை வரப்போகிறது, 1960-களில் கட்டிய கட்டுப்பாட்டு அறைகள் ஒவ்வொன்றாக மாறும் அல்லது மூடும். சுவர் ஓவியங்கள், குழுக்கள் எழுதிவிட்டுப் போன பெயர்கள் எல்லாம் அதோடு போகும். இந்த ஏவுகணைகள் இருக்கும் வாரன், மால்ம்ஸ்ட்ராம், மைனாட் தளங்கள் ஒவ்வொன்றிலும் அதிகாரப்பூர்வ வரலாற்றாசிரியர் உண்டு. பணியிலிருப்பவர்கள் முறைப்படி அனுமதி வாங்கிப் படம் எடுத்து அவரிடம் சேர்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

படி 9: எங்கே கொடுப்பது

ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருங்காட்சியக வாசலில் போய் நிற்காதீர்கள். ஒரே பேட்ச் அவர்களிடம் நூறு இருக்கும். முதலில் பட்டியல் அனுப்புங்கள், எது வேண்டும் என்று கேளுங்கள். கொடுக்கும்போது தானப் பத்திரம் கட்டாயம். உரிமை முழுதாகப் போகிறதா, பதிப்புரிமை யாருக்கு, வேண்டாத பொருளை என்ன செய்வார்கள், திருப்பித் தருவார்களா என்பதை அதில் எழுதிவிடுங்கள். குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவரிடமும் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள், பின்னால் வரும் சண்டையை அருங்காட்சியகம் தாங்காது. படைவீரர் வரலாற்றுத் திட்டம் படங்கள் என்றால் பத்துக்குக் குறையாமல், எழுதிய நினைவுக் குறிப்பு என்றால் 20 பக்கத்துக்குக் குறையாமல் மூலப் பிரதியாக வாங்கிக்கொள்ளும்.

டிஜிட்டல் கோப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கோப்பின் பெயரிலேயே தளத்தின் குறி, வருடம், பேசியவர் பெயர் இருக்கட்டும். "பேட்டி இறுதி புதியது 2" என்று சேமித்தால் உங்களுக்கே பத்து வருடத்தில் புரியாது.

எழுத்து வடிவத்தைப் பேசியவரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள், ஒரு பிரதியை வீட்டுக்குக் கொடுங்கள். அப்புறம் உங்களுக்கு அடுத்து இதை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒருவரை இப்போதே கேட்டு, அவர் ஒப்புக்கொண்டதும் கடவுச்சொற்களையும் பெட்டிப் பட்டியலையும் அவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.